தார்ப்பாயும் பாலிதீன் தாளும்: வாங்குவது, விரிப்பது, பேணுவது

காவிரிப் பாசனப் பகுதியில் குறுவை நெல் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் அறுவடைக்கு வருகிறது. வடகிழக்குப் பருவமழையும் அக்டோபரில்தான் தொடங்குகிறது. நூறு நாட்களுக்கு மேல் பாடுபட்டு விளைவித்த நெல் களத்தில் குவிந்து கிடக்கும்போது வானம் இருட்டினால், விவசாயியின் கை முதலில் தேடுவது தார்ப்பாயைத்தான். சம்பா, தாளடி அறுவடையின்போதும் தை, மாசியில் பருவம் தவறிய மழை பெய்து இதே நிலை ஏற்படுவதுண்டு.

ஆனால் தார்ப்பாய் போட்டு மூடிய நெல்லும் சில சமயம் கெட்டு விடுகிறது. மழைத்துளி ஒன்றுகூட உள்ளே இறங்கவில்லை. இருந்தும் இரண்டு நாள் கழித்துத் திறந்தால் குவியல் சுடுகிறது, நெல் பழுத்த நிறமாகி வாடை வீசுகிறது, மேல்பகுதியில் முளையும் கண்டிருக்கிறது. இன்னும் சிலர் வாங்கிய தாள் ஒரு கோடையிலேயே அப்பளம் போல் நொறுங்கி விடுகிறது. முதல் நஷ்டத்துக்குக் காரணம் விரித்த முறை. இரண்டாவது நஷ்டத்துக்குக் காரணம் வாங்கிய முறையும் பேணிய முறையும். இவை இரண்டையும் செலவில்லாமலே தவிர்க்க முடியும்.

பிளாஸ்டிக் தாளின் இரு குணங்கள்

பிளாஸ்டிக் தாளைப் பற்றி இரண்டு செய்திகளை மனத்தில் கொண்டால் போதும். மற்றவை தாமே விளங்கும்.

முதலாவது, இத்தாள் வெளியிலிருந்து நீரை உள்ளே விடாது. அதே போல் உள்ளே இருக்கும் ஈரத்தையும் வெளியே விடாது. முற்காலத்தில் பயன்பட்ட கித்தான் துணி ஓரளவு மூச்சு விடும். பாலிதீன் தாள் மூச்சு விடாது.

இரண்டாவது, பாலிதீனுக்கு நீரினால் கேடில்லை. வெயிலே அதன் பகைவன். சூரிய ஒளியில் உள்ள புற ஊதாக் கதிர்கள் அதன் நீண்ட மூலக்கூறுகளைத் துண்டாடுகின்றன. நிறம் மங்கி, வளையும் தன்மை போய், கடைசியில் கை பட்டாலே உதிர்கிறது. இக்கதிர்களைத் தாங்கும் மருந்துப் பொருளைச் சேர்த்துத் தயாரித்த தாளையே 'யு.வி. தாள்' என்று கடைகளில் சொல்கிறார்கள். மிக நுண்ணிய கரித்தூளை 2 முதல் 2.5 சதவீதம் சீராகக் கலந்த கறுப்புத் தாளும் வெயிலை நன்கு தாங்கும். எத்தகைய மருந்து சேர்த்தாலும் தாளின் ஆயுள் நீளுமே தவிர, வெயிலால் கேடே இல்லை என்று ஆகி விடாது.

எந்த வேலைக்கு எந்தத் தாள்?

தார்ப்பாய் என்ற பெயரில் தார் இருந்தாலும் இன்றைய தார்ப்பாயில் தார் கிடையாது. பாலிதீன் நாடாக்களைப் பாய் போல் பின்னி, இருபுறமும் மெல்லிய பாலிதீன் பூசியதே பின்னல் தார்ப்பாய். பாலிதீன் படலங்களைக் குறுக்கும் நெடுக்குமாக ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிச் செய்வது மற்றொரு வகை. சில்பாலின் என்ற பெயரில் பலரும் அறிந்தது இதுவே. நூலிழை இல்லாத சாதாரணப் பாலிதீன் தாள் மூன்றாவது வகை. இது விலை குறைவு. ஆனால் ஓரிடத்தில் கிழிந்தால் கிழிசல் எளிதில் நீளும்.

களத்தில் தானியம் காய வைக்கவும் குவியலை மூடவும் பின்னல் தார்ப்பாயோ குறுக்கு அடுக்குத் தாளோ ஏற்றது. அசோலா வளர்க்கும் தொட்டிக்கும் சில்பாலின் வகையே பயன்படுகிறது. காய்கறிப் பயிருக்கு நிலப்போர்வையாக 25 முதல் 30 மைக்ரான் கனமுள்ள தாள் போதும். வெள்ளி நிறமும் கறுப்பும் கொண்ட தாளானால் வெள்ளி நிறம் மேலே இருக்க வேண்டும். அது ஒளியைத் திருப்பி அனுப்பி அசுவினி, இலைப்பேன் போன்ற பூச்சிகளின் வருகையைக் குறைக்கும். பண்ணைக் குட்டையின் அடியில் விரிக்க 500 மைக்ரான் கனமுள்ள தாள் வழக்கில் உள்ளது.

நாற்றங்கால் மண்ணைக் கோடையில் வெயிலால் சூடேற்றி நோய்க் கிருமிகளையும் களை விதைகளையும் ஒழிக்க விரும்புவோர் கறுப்புத் தாளை வாங்கி ஏமாறக் கூடாது. கறுப்புத் தாள் வெப்பத்தைத் தானே வாங்கிக் கொள்ளும். நிறமற்ற தெளிந்த தாளே ஒளியை மண்ணுக்கு விட்டு வெப்பத்தை உள்ளே பிடித்து வைக்கும். பாத்தியை நன்கு நனைத்து, தாளை மண்ணோடு ஒட்டப் பரப்பி, நான்கு ஓரங்களையும் மண்ணில் புதைத்து, 4 முதல் 6 வாரம் விட வேண்டும்.

கிராமங்களில் பழைய விளம்பரப் பதாகைகளைக் களத்தில் விரிக்கும் வழக்கம் பரவியுள்ளது. பதாகை என்பது நூல் துணியின் மேல் பி.வி.சி. பூசி, அதன் மேல் சாயம் அச்சிட்டது. மரக்கட்டையையோ வைக்கோல் போரையோ மூட அது பயன்படலாம். நெல், மிளகாய், புளி, வடகம் போன்ற உணவுப் பொருளை அதன் மேல் பரப்புவது சரியல்ல. பூச்சிமருந்து வந்த பையையோ தாளையோ எவ்வளவு கழுவினாலும் தானியத்துக்குப் பயன்படுத்தவே கூடாது.

கடையில் எடை போட்டுப் பாருங்கள்

தாளின் கனத்தை மைக்ரான் கணக்கிலும், கேஜ் கணக்கிலும் சொல்வார்கள். ஒரு மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 100 கேஜ் என்றால் ஏறத்தாழ 25 மைக்ரான். 400 கேஜ் என்றால் ஏறத்தாழ 100 மைக்ரான். தார்ப்பாயை ஜி.எஸ்.எம். கணக்கில் விற்பார்கள். அதாவது ஒரு சதுர மீட்டர் தார்ப்பாய் எத்தனை கிராம் எடை என்பதே அந்த எண்.

கனத்தைக் கண்ணால் மதிப்பிட முடியாது. தராசு சொல்லி விடும். 18 அடி நீளம், 12 அடி அகலமுள்ள தார்ப்பாயின் பரப்பு 216 சதுர அடி. அதாவது 20 சதுர மீட்டர். 250 ஜி.எஸ்.எம். என்று சொல்லி விற்றால் அதன் எடை 5 கிலோ இருக்க வேண்டும். 200 ஜி.எஸ்.எம். என்றால் 4 கிலோ. 24 அடிக்கு 18 அடித் தார்ப்பாயானால் 250 ஜி.எஸ்.எம்.மில் 10 கிலோவும், 200 ஜி.எஸ்.எம்.மில் 8 கிலோவும் நிற்க வேண்டும். கயிறு, ஓரப்பட்டை, கண்வளையம் ஆகியவற்றின் எடையால் சிறிது கூடலாமே தவிரக் குறையக் கூடாது.

சாதாரணப் பாலிதீன் தாளுக்கும் ஒரு கணக்கு உண்டு. ஒரு சதுர மீட்டர் பரப்புள்ள 100 மைக்ரான் தாள் ஏறத்தாழ 92 கிராம் இருக்கும். ஆகவே 6 மீட்டருக்கு 4 மீட்டர் தாள் 100 மைக்ரான் கனமானால் 2 கிலோ 200 கிராம் எடை வர வேண்டும். தராசு 1 கிலோ 600 கிராம்தான் காட்டுகிறது என்றால் அது ஏறத்தாழ 72 மைக்ரான் தாளே. 100 மைக்ரானுக்குரிய விலையை அதற்குக் கொடுக்க வேண்டியதில்லை. நீள அகலத்தையும் நாடா வைத்து அளந்து பார்க்க வேண்டும். ஓரத்தை மடித்து ஒட்டிய பிறகு அளவு குறைந்து விடுவதுண்டு.

எடை மட்டும் சரியாக இருந்தால் போதாது. மலிவுத் தாளில் சுண்ணாம்புத் தூளைச் சேர்த்து எடையைக் கூட்ட முடியும். இதைக் கண்டறிய ஓர் எளிய சோதனை உண்டு. தாளின் சிறு துண்டைச் சோப்பு நீரில் தேய்த்து நனைத்து, காற்றுக் குமிழி ஒட்டாதபடி ஒரு குவளைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி விட வேண்டும். பாலிதீன் தண்ணீரை விட இலேசானது. ஆதலால் நல்ல பாலிதீன் துண்டு மேலே வந்து மிதக்கும். மூழ்கினால் அதில் கலப்பு மிகுதி, அல்லது அது பி.வி.சி. என்று கொள்ளலாம். கொளுத்திப் பார்த்துச் சோதிக்கும் பழக்கம் வேண்டாம். பி.வி.சி. எரியும்போது நுரையீரலை அரிக்கும் அமிலப் புகை வரும்.

வெளிச்சத்துக்கு நேரே தாளைப் பிடித்தால் ஊசித் துளைகள் தெரிந்து விடும். கண்வளையங்கள் ஏறத்தாழ ஒரு மீட்டருக்கு ஒன்றாவது இருக்கட்டும். அவை துருப்பிடிக்காத அலுமினியமாகவும், அவை பதிந்த ஓரம் கயிறு வைத்து மடித்ததாகவும் இருப்பது நல்லது. கடும் வாடை அடிக்கும் தாளையும், நிறம் திட்டுத்திட்டாக உள்ள தாளையும் தவிர்க்க வேண்டும். தயாரிப்பாளர் பெயரும் அளவும் கனமும் அச்சிட்டதைக் கேட்டு வாங்கி, ரசீதில் ஜி.எஸ்.எம். எண்ணை எழுதச் சொல்ல வேண்டும். வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் அவ்வாண்டு மானிய விலையில் தார்ப்பாய் வழங்கப்படுகிறதா என்று முதலில் விசாரித்து விடுவது நலம்.

விலையை ஆண்டுக் கணக்கில் பார்ப்பது சிக்கனம். கணக்குக்காகச் சொன்னால், 1,200 ரூபாய்த் தார்ப்பாய் ஓராண்டில் கிழிந்தால் ஆண்டுச் செலவு 1,200 ரூபாய். 2,400 ரூபாய்த் தார்ப்பாய் நான்காண்டு உழைத்தால் ஆண்டுச் செலவு 600 ரூபாய்தான்.

காய வைக்கும் முறை

தார்ப்பாயின் முதல் பயன் மூடுவதன்று, காய வைப்பதே. நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் ஏற்கும் ஈரப்பத வரம்பு பொதுவாக 17 சதவீதம். மழை மிகுந்த சில பருவங்களில் மைய அரசு இதைத் தளர்த்துவதுண்டு. ஆனால் தளர்வை நம்பிக் காய வைக்காமல் இருப்பது புத்திசாலித்தனமன்று. வீட்டில் சேமித்து வைக்கும் நெல் இன்னும் காய்ந்து 13 சதவீத அளவுக்கு வர வேண்டும்.

அறுவடையான நெல் 22 சதவீத ஈரப்பதத்தில் இருப்பதாகக் கொள்வோம். அத்தகைய நெல் 1,000 கிலோவை 17 சதவீதத்துக்குக் கொண்டு வர 60 லிட்டர் நீர் வெளியேற வேண்டும். 13 சதவீதத்துக்குக் கொண்டு வர நூறு லிட்டருக்கு மேல் வெளியேற வேண்டும். அதாவது ஒரு டன் நெல்லுக்குள் நான்கைந்து குடம் தண்ணீர் ஒளிந்திருக்கிறது. இந்த நீர் காற்றில்தான் போக வேண்டும். அறுவடை செய்து 24 மணி நேரத்துக்குள் காய வைக்கத் தொடங்குவதே பாதுகாப்பு.

நெல்லை 2 முதல் 4 செ.மீ. கனத்தில் பரப்பலாம். 3 செ.மீ. கனத்தில் பரப்பினால் 18 அடிக்கு 12 அடித் தார்ப்பாயில் ஏறத்தாழ 350 கிலோ, அதாவது 60 கிலோ மூட்டையில் ஆறு மூட்டைக்குச் சற்றுக் குறைவாகக் கொள்ளும். அரை மணிக்கு ஒரு முறை பலகையாலோ காலாலோ கிளறி விட வேண்டும். கிளறாமல் விட்டால் மேல் நெல் காய்ந்து வெடிப்பு விடும். அடி நெல் ஈரமாகவே கிடக்கும். இந்த வெடிப்புத்தான் அரைவையின்போது நொய்யாக வெளிப்படுகிறது. கறுப்புத் தாள் உச்சி வெயிலில் மிகவும் சூடேறும். ஆகையால் நெல் காய வைக்க வெளிர் நிறத் தார்ப்பாய் மேலானது. விதை நெல்லைக் காலையிலும் மாலையிலும் காய வைத்து, பகல் 12 மணி முதல் 3 மணி வரை நிழலில் குவித்து வைத்தால் முளைப்புத் திறன் கெடாது.

நிலக்கடலையை வெறும் தரையில் காய வைப்பதை விடத் தார்ப்பாயில் காய வைப்பது மிக நல்லது. தரையின் ஈரம் ஏறிப் பூசணம் பிடித்தால் அஃப்ளாடாக்சின் என்னும் நச்சு உண்டாகும். அது கடலையை உண்ணும் மனிதருக்கும், பிண்ணாக்கைத் தின்னும் மாட்டுக்கும் கேடு விளைவிக்கும்.

ஈரமானி இல்லாத வீட்டில் உப்பைக் கொண்டு ஓரளவு அறியலாம். வறுத்து ஆற வைத்த உப்பைச் சிறிதளவு, ஈரமில்லாத கண்ணாடிப் புட்டியில் போட்டு, அதில் பாதி நெல்லை இட்டு இறுக மூடி நன்றாகக் குலுக்கிச் சில நிமிடம் வைக்க வேண்டும். உப்பு புட்டியின் சுவரில் ஒட்டிக் கொண்டால் நெல்லின் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல் உள்ளது என்று பொருள். ஒட்டாமல் உதிர்ந்தால் அதற்குக் கீழே வந்து விட்டது.

மூடும் முறை

ஈர நெல் உயிருள்ளது. அது மூச்சு விடும்; மூச்சு விடும்போது வெப்பமும் நீராவியும் வெளிவரும். குவியலைத் தார்ப்பாயால் இறுக மூடினால் அந்த நீராவி மேலே எழும்பி, இரவில் குளிர்ந்த தாளின் அடியில் துளித்துளியாகப் படிந்து, மீண்டும் நெல்லின் மேலேயே சொட்டும். சோற்றுப் பானை மூடியின் அடியில் நீர் கோப்பது போலத்தான் இதுவும். வெளியே மழை நின்ற பிறகும் உள்ளே மழை நிற்பதில்லை. விதை உறக்கம் இல்லாத ரகங்கள் இந்த ஈரத்திலும் வெப்பத்திலும் முளைத்து விடுகின்றன.

எனவே மூடும்போது ஐந்து செய்திகளைக் கவனிக்க வேண்டும்.

ஒன்று, இடம். களத்தின் மேடான பகுதியில் குவித்து, சுற்றிலும் ஒரு சாண் ஆழத்துக்கு வாய்க்கால் வெட்டி, நீர் வடியப் பள்ளமான பக்கத்தில் போக்கு விட வேண்டும். 18 அடிக்கு 12 அடித் தார்ப்பாயின் மேல் 50 மி.மீ. மழை பெய்தால் 1,000 லிட்டர் நீர் விழுகிறது. தார்ப்பாய் அதைத் தடுத்து ஓரத்தில் கொட்டுகிறது. வாய்க்கால் இல்லையேல் அந்நீர் குவியலின் அடியில் புகும்.

இரண்டு, அடி விரிப்பு. குவியலுக்குக் கீழேயும் ஒரு தாள் தேவை. அடித்தாளின் ஓரம் மேல்தாளுக்கு வெளியே நீட்டிக் கொண்டிருந்தால் மேலே வழியும் நீரை அதுவே ஏந்தி உள்ளே அனுப்பி விடும். ஆகையால் அடித்தாளின் ஓரத்தை உள்ளே மடித்து, மேல்தாள் அதையும் மூடித் தரை வரை தொங்கும்படி விட வேண்டும்.

மூன்று, இடைவெளி. மேல்தாள் நெல்லைத் தொடக் கூடாது. மூங்கில் அல்லது சவுக்குக் கழியை நடுவில் முகடாகக் கட்டி, அதன் மேல் கூரை போலத் தாளைப் போட்டால் நீராவி எழும்பிப் பக்கவாட்டில் வெளியேறும். கழி கிடைக்காத அவசரத்தில் நெல்லின் மேல் உலர்ந்த வைக்கோலை அரையடி கனத்துக்குப் பரப்பி, அதன் மேல் தாளைப் போடலாம். சொட்டும் நீரை வைக்கோல் வாங்கிக் கொள்ளும். அந்த வைக்கோலை மறுநாள் மாற்ற வேண்டும்.

நான்கு, திறப்பு. மழை விட்டவுடன், வெயில் இல்லாவிட்டாலும், தாளை எடுத்து விட வேண்டும். விடாமல் பெய்தால் காற்று வீசாத பக்கத்தின் ஓரத்தைத் தூக்கிக் கட்டிக் காற்றோட்டம் தர வேண்டும். குவியலுக்குள் முழங்கை வரை கையை விட்டுப் பார்த்தால் சூடு தெரியும். சூடு கண்டால் உடனே குவியலைக் கலைத்து, வீட்டுத் திண்ணையிலோ கூடத்திலோ மெல்லியதாகப் பரப்ப வேண்டும்.

ஐந்து, கட்டு. இரண்டு தாள்களைச் சேர்த்துப் போடும்போது ஓடு வேய்வது போல மேட்டுத் தாள் பள்ளத் தாளின் மேல் ஓரடியாவது ஏறியிருக்க வேண்டும். கருங்கல்லை ஏற்றி வைத்தால் காற்றில் ஆடும் தாளைக் கல்லே அறுத்து விடும். மணல் நிரப்பிய பைகளே நல்லது. கண்வளையத்தில் கயிற்றை நேரே கட்டாமல், பழைய சைக்கிள் டியூப்பின் துண்டு ஒன்றை இடையில் கோத்துக் கட்டினால், காற்றின் வெட்டிழுப்பை டியூப் வாங்கிக் கொள்ளும். வளையம் பிய்ந்து வராது.

நன்றாகக் காய்ந்த நெல்லை மூட்டையாக்கி வீட்டில் வைக்கும்போது தரையில் ஒரு பாலிதீன் தாள் விரித்து, அதன் மேல் மரச்சட்டம் போட்டு, சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி அடுக்க வேண்டும். தரையின் ஈரத்தைத் தாள் தடுக்கும். அரைகுறையாகக் காய்ந்த மூட்டைகளைச் சுற்றிப் பாலிதீனால் மூடி வைப்பது பூசணத்தை வளர்ப்பதற்குச் சமம்.

வீட்டுக் கூரைக்குப் போடும்போது

2018 நவம்பர் 16 அன்று நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்த கஜா புயலால் கூரை இழந்த குடும்பங்கள் பலவற்றுக்குத் தார்ப்பாயே கூரையாயிற்று. அவசர காலத்துக்கு இது சரி. ஆனால் நிரந்தரக் கூரையாகக் கருதக் கூடாது. கூரையில் போடும் தாளுக்கு நல்ல சரிவு வேண்டும். தொய்வு இருந்தால் நீர் தேங்கி, அதன் பாரத்தால் கழி முறியும். ஆணி அடித்தால் ஒவ்வோர் ஆணியும் ஒரு கிழிசலுக்கு வாசல்; ஓரத்தைச் சட்டத்தில் சுற்றிக் கயிற்றால் கட்டுவதே முறை. அடுப்பு எரியும் இடத்துக்கு மேலும், மின்கம்பி தொடும் இடத்திலும் பிளாஸ்டிக் தாள் இருக்கவே கூடாது. தீப்பிடித்தால் அது உருகி எரிந்தபடியே கீழே சொட்டும். கீற்றுக் கூரையின் மேல் மழைக்காலத்துக்குப் போட்ட தாளை மழைக்காலம் முடிந்ததும் எடுத்து விட்டால் கீற்றும் மட்காது, தாளும் வெயிலில் வீணாகாது.

பேணும் முறை

தார்ப்பாயின் ஆயுளை வேலை செய்யும் நாட்களை விட வேலையற்ற நாட்களே குறைக்கின்றன. அறுவடை முடிந்த பின் களத்திலோ மொட்டை மாடியிலோ சுருட்டாமல் கிடக்கும் தார்ப்பாய் கோடை வெயில் முழுவதையும் வீணே தாங்குகிறது. வேலை முடிந்த அன்றே அதை எடுத்து வைப்பது முதல் பராமரிப்பு.

எடுத்து வைக்குமுன் உமி, சுணை, மண் ஆகியவற்றைத் தட்டி, சாதாரண நீரில் கழுவி, தேவையானால் சிறிது சோப்புத்தூள் சேர்த்து மென்மையான துடைப்பத்தால் தேய்க்கலாம். மண்ணெண்ணெய், பெட்ரோல் கொண்டு கறை துடைக்கக் கூடாது. நிழலில் இருபுறமும் நன்கு உலர்த்திய பிறகே மடிக்க வேண்டும். ஈரத்தோடு மடித்தால் தாள் மட்காது. ஆனால் ஒட்டியிருக்கும் தூசியில் பூசணம் வளர்ந்து அடுத்த பருவத் தானியத்துக்குத் தொற்றும். ஒவ்வொரு முறையும் ஒரே கோட்டில் மடித்தால் அந்தக் கோட்டிலேயே விரியும். ஆகையால் மடிப்பை மாற்றி மடிப்பதோ, ஒரு மூங்கில் கழியில் பாய் போல் சுருட்டுவதோ நல்லது.

சுருட்டிய தாளைப் பரணில் அல்லது கயிற்றில் தொங்க விட்டு வைக்கலாம். தரையில் வைத்தால் எலி கடிக்கும். தானிய வாசனை ஒட்டியிருந்தால் எலிக்கு அதுவே அழைப்பு. உரம், பூச்சிமருந்து ஆகியவற்றின் அருகில் வைக்க வேண்டாம். குறிப்பாகக் கந்தகம் கலந்த மருந்துகள் தாளில் உள்ள வெயில் தாங்கும் பொருளைச் செயலிழக்கச் செய்யும். நிழற்கூடத்துக்குப் பாலிதீன் போட்டவர்களும் கந்தக மருந்து தெளிக்கும்போது இதை நினைவில் வைக்க வேண்டும்.

சிறு கிழிசலை அன்றே தைக்காவிட்டால் பெரிதாகும் என்பது துணிக்கு மட்டுமன்று, தாளுக்கும் பொருந்தும். ஆனால் பாலிதீனைச் சைக்கிள் டியூப் ஒட்டும் பசையால் ஒட்ட முடியாது; சாதாரணப் பசைகள் எதுவும் அதில் நன்றாகப் பிடிப்பதில்லை. கிழிசலின் இருபுறமும் துடைத்து உலர்த்தி, தார்ப்பாய்க்கென விற்கும் ஒட்டு நாடாவை இரு பக்கமும் ஒட்டலாம். இன்னொரு முறை சூட்டால் இணைப்பது. அதே வகைத் தாளில் கிழிசலை விட எல்லாப் பக்கமும் இரண்டு அங்குலம் பெரிதாக ஒரு துண்டு வெட்டி, கிழிசலின் மேல் வைத்து, அதன் மேல் செய்தித்தாள் போட்டு, மிதமான சூட்டில் இஸ்திரிப் பெட்டியை அழுத்தி எடுத்தால் இரண்டும் உருகி ஒன்றாகும். முதலில் வீணான துண்டில் சூட்டைச் சோதித்துப் பார்த்துக் கொள்ள வேண்டும். காற்றோட்டமான இடத்தில் இதைச் செய்வது அவசியம். ஊசி நூலால் தைத்தால் துளைகளின் வழியே நீர் இறங்கும். தைத்தே ஆக வேண்டுமானால் தையலின் மேல் ஒட்டு நாடா போட வேண்டும்.

உழைத்து முடிந்த தாள்

நொறுங்கத் தொடங்கிய தாளை வயலில் விட்டு விட்டால் அது மறைந்து விடுவதில்லை. துணுக்குகளாகி மண்ணில் தங்கி விடும். நீர் இறங்குவதையும் வேர் ஓடுவதையும் அத்துணுக்குகள் தடுக்கும். வைக்கோலோடு கலந்தால் மாட்டின் வயிற்றுக்குப் போகும். பசுவின் முதல் இரைப்பையில் சேரும் பிளாஸ்டிக் செரிக்காது, வெளியேறுவதும் அரிது. நாளடைவில் கட்டியாகி, தீவனம் எடுக்காமல் செய்து, மாட்டின் உயிரையே வாங்கி விடும். ஆகவே நொறுங்கும் நிலைக்கு வருமுன்பே, தாள் முழுதாக இருக்கும்போதே களத்திலிருந்தும் வயலிலிருந்தும் அதை அப்புறப்படுத்த வேண்டும். நிலப்போர்வைத் தாளையும் கடைசிப் பறிப்பு முடிந்தவுடன், உழுவதற்கு முன் சுருட்டி எடுத்து விட வேண்டும்.

பழைய தாளை எரிப்பது சட்டப்படி தடை செய்யப்பட்டது. புகையும் உடலுக்குத் தீங்கு. மண்ணைத் தட்டி, உலர்த்தி, கட்டி வைத்தால் பழைய இரும்புக் கடையில் எடைக்கு வாங்கிக் கொள்வார்கள். பழைய தாளை வெட்டி விருந்தில் இலைக்கு அடியில் விரிப்பதோ, உணவுப் பொருள் பொட்டலம் கட்டுவதோ கூடாது. தமிழ்நாட்டில் 2019 சனவரி 1 முதல் உணவு மேசை விரிப்பாகவும் உணவு கட்டவும் பயன்படும் பிளாஸ்டிக் தாளுக்குத் தடை உள்ளது.

தொகுத்துச் சொன்னால், எடை போட்டும் நீரில் மிதக்க விட்டும் தாளை வாங்க வேண்டும். காய வைக்க முதலிலும் மூடக் கடைசியிலும் அதைப் பயன்படுத்த வேண்டும். மூடினால் இடைவெளி விட்டு மூடி, மழை விட்டதும் திறக்க வேண்டும். வேலை முடிந்ததும் வெயிலிலிருந்து எடுத்து வைக்க வேண்டும். புரட்டாசி பிறப்பதற்கு முன்பே விவசாயிகள் தங்கள் பரணிலுள்ள தார்ப்பாயை இறக்கி, வெளிச்சத்தில் விரித்துப் பார்த்து, கிழிசல்களை ஒட்டி, சவுக்குக் கழியையும் மணல் பைகளையும் தயாராக வைத்துக் கொண்டால், மழை வரும் இரவில் ஓடித் தேட வேண்டிய தேவை இராது. விளைந்த நெல் முழுவதும் வீடு வந்து சேரும்.